பத்து நாளாக இருமும் நாய்: ஈப்போவுக்குக் கொண்டுபோகணுமா?

தோட்டத்துப் பையன்:
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். எங்கள் ஜிம்மிக்கு 6 வயது, நாட்டு நாய், ராத்திரியில் பின்வாசலில்தான் படுக்கும், வேலிக்கு அந்தப் பக்கம் செம்பனை. பத்து நாளாக இருமுகிறது. காலையில் நான் மோட்டாரை எடுத்தால் மண்சாலை முனையில் இருக்கும் கோயில் வரைக்கும் கூடவே ஓடிவரும், இப்போது பாதியிலேயே நின்று, கழுத்தை நீட்டி வறட்டு இருமல் இருமி, கடைசியில் ஓங்கரித்து வெள்ளை நுரையைக் கக்குகிறது. கோழி எலும்பு சிக்கிக்கொண்டதோ என்று வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. சாப்பாட்டில் மிச்சம் வைக்கிறது. அம்மா கற்பூரவள்ளிச் சாறு கொடுக்கலாம் என்கிறார், தம்பி நாம் குடிக்கும் இருமல் மருந்தில் அரை ஸ்பூன் ஊற்றச் சொல்கிறான். தடுப்பூசி குட்டியில் போட்டதோடு சரி. தானாக அடங்குமா, லீவு போட்டு ஈப்போவில் இருக்கும் நாய் டாக்டரிடம் கொண்டுபோகணுமா?

ரெண்டு நாய் வீடு:
தம்பி, முதலில் அந்த இருமல் மருந்தை எடுத்து உள்ளே வையுங்கள். சிலவற்றில் பாராசிட்டமால் இருக்கும், அது நாயின் ஈரலைக் கெடுக்கும். சர்க்கரை இல்லாத மருந்து என்றால் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கலாம், அது ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ரத்தச் சர்க்கரையைப் படுபாதாளத்துக்கு இறக்கிவிடும். கற்பூரவள்ளியும் வேண்டாம், நமக்கு நல்லதுதான், நாய்க்கு வாந்தியும் பேதியும் வரும்.

சமீபத்தில் வேறு நாய்களோடு சேர்ந்து திரிந்ததா? நீங்கள் சொல்கிற மாதிரி தொண்டையில் ஏதோ சிக்கியது போன்ற இருமல் கென்னல் காஃபிலும் வரும். போர்டெடெல்லா கிருமியும் சில வைரஸ்களும் சேர்ந்து செய்கிற வேலை, பெரும்பாலும் மூன்று வாரத்துக்குள் அடங்கிவிடும். மற்ற நாய்களிடம் விடாதீர்கள், கழுத்துப் பட்டையைக் கழற்றுங்கள், அது படுக்கும் இடத்தில் கொசுவத்தி கொளுத்தாதீர்கள். கண்ணிலும் மூக்கிலும் சளி ஒழுகி, காய்ச்சலும் இருந்தால் டிஸ்டெம்பர் என்ற கொடிய வைரஸ் நோயாக இருக்கலாம், அதற்குக் காத்திருக்கவே கூடாது.

பழைய லயன்:
அக்கா சொல்வது சரி, ஆனால் எனக்கு அந்த ஓட்டம்தான் உறுத்துகிறது. கென்னல் காஃப் வந்த நாய் சத்தமாக இருமும், இருமி முடித்ததும் வாலை ஆட்டிக்கொண்டு வந்துவிடும். கோயில் வரைக்கும் ஓடின நாய் பாதியில் நிற்கிறது, சாப்பாடும் குறைகிறது என்றால் இதயப்புழுவைப் பார்க்கணும் தம்பி. கொசு கடித்துத்தான் அது வருகிறது. உள்ளே போன புழு முழுசாக வளர ஏறக்குறைய 6 மாதம், பெண் புழு 30 சென்டிமீட்டர் வரைக்கும் நீளும், இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் குடியிருக்கும். எங்கள் ராணியும் இப்படித்தான் இருமினாள். சளி என்று நினைத்து இரண்டு மாதம் விட்டுவிட்டோம், வயிறு ஊதின பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம், காப்பாற்ற முடியவில்லை. இன்னமும் மனசு ஆறவில்லை, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். சில சொட்டு ரத்தம் போதும், கிளினிக்கிலேயே டெஸ்ட் கிட்டில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். யாரோ சொன்னார்கள் என்று புழு மாத்திரையை முதலில் கொடுத்துவிடாதீர்கள். ரத்தத்தில் புழுக்குஞ்சு நிறைய இருந்தால், அது ஒரேயடியாகச் சாகும்போது நாய் மயங்கி விழக்கூடும்.

வேலியோரம்:
இருமுவதைக் கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், டாக்டர் முன்னால் எந்த நாயும் இருமாது. தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள். 30-க்கு மேலேயே நின்றால் நாள் கடத்தாதீர்கள். ஈறு நீலம் பாய்ந்தால் அந்த ராத்திரியே கிளம்புங்கள்.

தோட்டத்துப் பையன்:
எல்லாருக்கும் நன்றி. மூச்சை எண்ணினேன், 34. மறுநாளே லீவு போட்டுக் கொண்டுபோனோம். இதயப்புழுதான். எக்ஸ்ரேயில் ரத்தக்குழாய் தடித்திருக்கிறது, ஆனால் நேரத்தோடு வந்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். நாலு வாரத்துக்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக், அதற்கப்புறம் கொஞ்ச நாள் விட்டு புழுவைக் கொல்ல மூன்று ஊசி. செத்த புழு துண்டு துண்டாகி நுரையீரலில் அடைக்குமாம், அதனால் எல்லாம் முடிகிற வரைக்கும் ஓடவே கூடாது. பக்கத்து வீட்டுக் குட்டியையும் கூடவே கொண்டுபோனோம், அதற்கு இல்லை, புழு வராமல் தடுக்கும் மாத மாத்திரை ஆரம்பித்தாகிவிட்டது, 6 மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

மோட்டார் சத்தம் கேட்டாலே ஜிம்மி சங்கிலியை இழுக்கிறது. அதனால் விடியற்காலை ஐந்தரைக்கு வண்டியைக் கோயில் வரைக்கும் தள்ளிக்கொண்டே போய், அங்கேதான் ஸ்டார்ட் செய்கிறேன்.