ஈறு இறங்கினதுக்கு நல்ல டாக்டர் வேணும்: தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம்

அம்மாவுக்கு கீழ் முன்பல் ரெண்டுல ஈறு 3 மி.மீ. இறங்கி, வேர் மஞ்சளா தெரியுது. ஜில்லுனு எது பட்டாலும் கூசுது. ஈறுக்குன்னே எம்.டி.எஸ். (பல் மருத்துவ மேற்படிப்பு) படிச்ச டாக்டர் யாராவது தெரியுமா? சுகர் இருக்கு, எச்.பி.ஏ.1.சி. (மூணு மாச சராசரி சுகர்) ரிப்போர்ட் கையில இருக்கு.

வெறும் க்ளீனிங் போதாது. ஒவ்வொரு பல்லுக்கும் ஆறு இடத்துல ப்ரோப் (அளவு போட்ட மெல்லிய கம்பி) வெச்சு பாக்கெட், அதாவது ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல இருக்கிற இடுக்கோட ஆழம் அளக்கணும், எக்ஸ்ரே பாக்கணும். பல்லுக்கு நடுவுல எலும்பு கரைஞ்சிருந்தா, அண்ணத்துல இருந்து சதை எடுத்து ஒட்டினாலும் (கிராஃப்ட்) வேர் முழுசா மூடாது. இதைப் பாக்காமலே கிராஃப்ட் பண்ணலாம்னு சொல்ற இடம் தயவுசெஞ்சு வேணாம்.

பல்பொடியை நிறுத்தி சாஃப்ட் பிரஷ், பொட்டாசியம் நைட்ரேட் பேஸ்ட் கொடுத்தாச்சு. அது கூச்சத்தைத்தான் குறைக்கும், இறங்கின ஈறு தானா ஏறாது.

கோட்டை ஸ்டேஷன் பக்கத்து அரசு பல் மருத்துவக் கல்லூரியில கிராஃப்ட் பண்ணவங்க இருந்தா, எவ்ளோ நாள் காத்திருந்தீங்கன்னு சொல்லுங்க.