பழைய அருங்காட்சியகச் சிற்பப் படங்களில் பின்னணி ஏன் காணப்படவில்லை?

ஏட்டுச்சுவடி:
வணக்கம். 1850-களையும் அதை ஒட்டிய ஆண்டுகளையும் சேர்ந்த சிற்பப் படங்கள் சிலவற்றில், சிலையைக் கத்தரித்து ஒட்டியதுபோலச் சுற்றிலும் வெறும் வெள்ளையாக இருக்கிறது. விரல் இடுக்கிலும் மூக்கு நுனியிலும் விளிம்புக் கோடு சற்றே பிசகியும் இருக்கிறது. செம்மண் நிறச் சுடுமண் பொருள்களோ கரிபோலக் கறுத்துத் தெரிகின்றன. இவை காலப்போக்கில் வந்த பழுதா, அல்லது வேண்டுமென்றே செய்தவையா?

இருட்டறை:
வெள்ளைப் பின்னணி வேண்டுமென்றே செய்ததுதான். கண்ணாடி நெகட்டிவில் சிலையைச் சுற்றியுள்ள பகுதியைத் தூரிகையால் கறுப்பு வண்ணம் பூசி அடைத்துவிட்டால், அச்சிடும்போது அங்கே ஒளி புகாது. தாள் வெள்ளையாகவே நிற்கும். தூரிகை தவறிய இடமே நீங்கள் கண்ட பிசகு. ஆகவே அத்தகைய படத்தின் விளிம்பை வைத்துச் சிலையின் அளவைக் கணிக்க வேண்டாம். சுடுமண் கறுத்ததற்குக் காரணம் வேறு: அக்காலக் கொலோடியன் பிளேட்டு (கொலோடியன் என்னும் பிசுபிசுப்பான கரைசல் பூசிய நெகட்டிவ் கண்ணாடி) நீல ஒளியையும் புற ஊதாவையும் மட்டுமே உணரும், சிவப்பு அதற்கு ஏறத்தாழ இருட்டுக்குச் சமம்.

மாடக்கல்:
ஒளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மார்பளவுச் சிலை ஒன்றின் படத்தை 1844-இல் வெளியிட்ட புகைப்பட முன்னோடி டால்பட், நேர் வெயிலில் நிழல் கடுமையாக விழுந்து உருவத்தைக் குழப்பும் என்றும், ஒரு பக்கத்தில் வெள்ளைத் துணியைப் பிடித்தால் நிழலுக்குள் இருப்பதும் தெரியும் என்றும் அப்போதே எழுதியிருக்கிறார். இன்றைய ஸ்டுடியோக்காரரும் அதைத்தான் செய்கிறார்! மின்விளக்கு இல்லாத அந்நாளில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் படமெடுத்த ரோஜர் ஃபென்டனுக்காகக் கட்டடத்தின் கூரைமேல் கண்ணாடிக்கூடமே கட்டினார்கள். பெருஞ்சிலைகளை அங்கே தூக்கிச் செல்ல இயலாதாகையால், அவற்றை இருந்த இடத்திலேயே, மேல்சாளர வெளிச்சத்தில் எடுக்க வேண்டியிருந்தது.

ஏட்டுச்சுவடி:
மிக்க நன்றி. நம் பக்கம் இதற்கு எடுத்துக்காட்டு உண்டா?

மாடக்கல்:
உண்டு. 1845-இல் பிரிட்டிஷ் அதிகாரி வால்டர் எலியட் ஆந்திராவின் அமராவதியில் அகழ்ந்தெடுத்துச் சென்னைக்கு அனுப்பிய சுண்ணாம்புக்கல் சிற்பங்களை, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரான லினேயஸ் ட்ரைப் 1858-இல் இங்குள்ள அருங்காட்சியகத்தில் படமெடுத்தார். அடுத்த ஆண்டே அவை லண்டனுக்குக் கப்பலேறின. அங்கே பல ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்து, 1880-இல்தான் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. கப்பலேறுவதற்கு முன் ஒரு கல்லின் முனை எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள விரும்புவோர் முதலில் ட்ரைப்பின் படங்களைப் பார்ப்பது நல்லது.