சனிக்கிழமைச் சகனும் ரதி மாமியின் ஓடியோவும்

ரதி மாமி: 🔊 2:14 (பல முறை பகிரப்பட்டது)

ரதி மாமி: எல்லாரும் கேளுங்க. காத்தான்குடி முஸ்லிம் கடைச் சாப்பாட்டில் மலட்டு மருந்து கலக்கிறாங்களாம். சனிக்கிழமை அந்தச் சகன், பெரிய தட்டில் சேர்ந்து சாப்பிடுற சோறு, வேண்டாம்.

கீர்த்தி: யார் சொன்னது மாமி?

ரதி மாமி: களுவாஞ்சிக்குடியில் எல்லாருக்கும் வந்திருக்கு.

ஜீவா: 40 பேருக்குச் சொல்லி அட்வான்ஸும் குடுத்தாச்சு

சாந்தா அக்கா: எவ்வளவு

ஜீவா: பாதி

குணம் சித்தப்பா: பிள்ளைகள், நிதானமாக வாசியுங்கள். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் நடந்ததும் இதே கதைதான். கறிக்குள் கிடந்த கட்டியை மலட்டு மாத்திரை என்று சொல்லி, கடைக்காரரை மிரட்டித் தலையாட்ட வைத்து, அந்த வீடியோவைப் பேஸ்புக்கில் போட்டார்கள். கடையும் பள்ளிவாசலும் உடைபட்டன. அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பார்த்தால் வெறும் மாவு. அதற்குள் கண்டிப் பக்கம் திகனயில் முஸ்லிம்களின் வீடும் கடையும் எரிந்து முடிந்துவிட்டது. அந்தக் கலவரத்தில் தன் பங்குக்காகப் பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதம். அந்த மன்னிப்பை வைத்து யார் கடையைத் திருத்துவது?

தர்ஷன்: தொடங்கிட்டார் 😀

ரதி மாமி: 2019இல் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடிச்சதுக்குப் பிறகு யாரை நம்புறது?

கீர்த்தி: அந்தக் குண்டுக்காரருக்குத் தலைவன் சஹ்ரானைப் பற்றி முன்னமே முறையிட்டதே முஸ்லிம் ஆட்கள்தான் மாமி. அவன்ட வீடியோக்கள் யூடியூப்பில் பாட்டுக்குக் கிடந்தது.

குணம் சித்தப்பா: அதைத்தான் சொல்ல வருகிறேன். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டுச் சட்டம், 230ஆம் பிரிவு. அடுத்தவர் போட்டதற்குக் கம்பனி பொறுப்பில்லை. ஐஎஸ் தாக்கிய இஸ்தான்புல் இரவு விடுதியில் செத்தவரின் குடும்பம் ட்விட்டர், கூகுள், பேஸ்புக் மூன்றின் மேலும் வழக்குப் போட்டது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளிவிட்டது. ஐஎஸ் காரர் பாவித்தார்கள் என்பதற்காகக் கம்பனி தாக்குதலுக்குத் துணை போனதாகாதாம். 230ஐத் தொடவே இல்லை, கெட்டிக்காரர்கள்.

லண்டன் மாமா: இங்கே 2023 இணையப் பாதுகாப்புச் சட்டப்படி கம்பனிக்கு உலக வருமானத்தில் 10 வீதம் வரை தண்டம்

சாந்தா அக்கா: அண்ணா, அம்மாட காணி உறுதியின்ட கொப்பியைப் பொங்கலில் இருந்து கேட்கிறம்

லண்டன் மாமா: கதையை மாத்தாத

கீர்த்தி: சித்தப்பா, பேஸ்புக் சரி, அது ஆளுக்கு ஆள் தேடிக் கொண்டுவந்து காட்டுது. வாட்ஸ்அப்பில் நாம அனுப்புறதைக் கம்பனியே திறந்து பார்க்க ஏலாதே. இந்த ஓடியோவை யார் அழிக்கிறது?

தர்ஷன்: அட்மின். ஜீவா அண்ணா உள்ளே 🚔

ஜீவா: எனக்கு அட்மின் வேண்டாம், யாரும் எடுங்க

குணம் சித்தப்பா: பயப்படாதே. உறுப்பினர் போட்டதற்கு அட்மின் பொறுப்பில்லை என்று 2022இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் அது இந்தியா. நமக்கு 2024இன் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம். கம்பனிக்கும் அதில் கடமை உண்டு. ஆனால் கலிபோர்னியாவில் இருப்பவனை விட, பொய்யை அனுப்பியவரின் வாசலுக்கு வருவது பொலிசுக்குச் சுகம்.

ரதி மாமி: என்னையா சொல்றீங்க?

சாந்தா அக்கா: பொதுவாச் சொல்றார்

ரதி மாமி: எப்பவும் நான்தான். ரூபிட சாமத்திய வீட்டிலயும் கதிரை குறைஞ்சதுக்கு நான்தான்.

🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கீர்த்தி: நன்றி மாமி. களுவாஞ்சிக்குடி குரூப்பிலும்?

ரதி மாமி: அதில் போட்டது மாமா. அவர் தூங்குறார்.

தர்ஷன்: 😂😂

ஜீவா: சகனா இல்லையா? நாளைக் காலை பாய்க்குச் சொல்ல வேண்டும்

சாந்தா அக்கா: மாமிக்கு மட்டும் வீட்டில் கணவாய்க் கறி வைப்பம்

ரதி மாமி: எனக்கு வேற ஒண்டும் தனியா வேண்டாம்

ஜீவா: அப்ப சகன்தானே?

சாந்தா அக்கா: பார்ப்பம். கேக் சொல்லியாச்சா?

ஜீவா: அது கீர்த்தி

கீர்த்தி: நானா???