ஆச்சி வைத்துவிட்டுப் போன சுவடிக்கட்டு

அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஆச்சி வீட்டுப் பூஜை அலமாரியில் ஒரு சுவடிக்கட்டு இருந்தது. வைத்தியம் பார்த்த முன்னோர் ஒருவருடையது என்பார்கள். ஆச்சி அதைப் பிரித்ததே இல்லை. சரஸ்வதி பூஜைக்கு எடுத்து, சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டு, திரும்ப ஏற்றிவிடுவார்.

ஆச்சி இறந்தபின் நகையும் பாத்திரமும் சத்தமில்லாமல் பங்காகிவிட்டன. இந்தக் கட்டுக்குத்தான் பேச்சு நீண்டது. "ஒரு எழுத்து படிக்கத் தெரியாது நமக்கு. கேக்கிற ஆளுக்குக் கொடுத்துட்டுப் போவோம்" என்றார் சித்தப்பா. பழம்பொருள் வாங்கும் ஒருவர் ஏற்கெனவே விலை பேசியிருந்தார். பூஜை இல்லாமல் வைத்திருந்தால் குடும்பத்துக்கு ஆகாது, ஆடிப்பெருக்கன்று தாமிரபரணியில் விட்டுவிடலாம் என்றார் அத்தை. பெரியப்பாவோ, யாரும் தொடவே கூடாது, தன் வீட்டுப் பூஜையறைக்கு அப்படியே போகட்டும் என்றார்.

அத்தை சொன்னதுதான் எனக்குப் பகீரென்றது. ஆனால் அவர் அதை அலட்சியமாகச் சொல்லவில்லை. கரிவலம்வந்தநல்லூர் கோயிலில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள் என்று உ.வே.சா. வேதனையோடு பதிவு செய்திருக்கிறார். அதுவும் எங்கள் சீமைதான். பக்தியாலேயே எவ்வளவோ அழிந்திருக்கிறது.

சித்தப்பாவைச் சம்மதிக்க வைப்பது எளிதாக இருந்தது. வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள சுவடி 75 ஆண்டு கடந்துவிட்டால் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தொல்பொருள், தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்றதும் விற்கும் பேச்சை விட்டுவிட்டார். பெரியப்பாவிடம்தான் மல்லுக்கு நிற்க வேண்டியிருந்தது. "கும்பிடுங்க பெரியப்பா, வேண்டாங்கல. உள்ளே பூச்சி அரிச்சா எதைக் கும்பிடுவீங்க?" என்று கேட்டபிறகுதான் கயிற்றை அவிழ்க்க விட்டார்.

மேல் ஏடுகளில் சந்தனம் அப்பிக் கெட்டியாகியிருந்தது. ஓரமெல்லாம் பூச்சித் துளை. சுவடி படிக்கத் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் மென்தூரிகையால் தூசி தட்டி, சுவடி நூலகங்களில் பூசுகிற எலுமிச்சைப்புல் எண்ணெயைத் தடவினார். எழுத்து துலங்கியது. மெய்க்குப் புள்ளி கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலவே இருக்கும். அவரே நிறுத்தி நிறுத்தித்தான் வாசித்தார்.

முக்கால்வாசி வைத்தியக் குறிப்பு. கடைசியில் சில ஏடுகள் நெல் கணக்கு, மா, காணி என்ற பின்னக் குறிகளோடு. அதில் இன்றும் நாங்கள் பெயர் சொல்லி அழைக்கும் வயல் ஒன்று வந்ததும் சித்தப்பா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். வைத்தியப் பகுதியை அவர் இன்னும் கேட்கவில்லை. எனக்கோ அதுதான் பெரிது. படித்து முடிக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஏடு ஏடாகப் படமெடுத்து எல்லோருக்கும் கொடுத்தாயிற்று. கட்டு பெரியப்பா வீட்டில். சந்தனத்தை எடுத்ததில் அவருக்கு இன்னும் வருத்தம்தான். ஏட்டில் இனி வைக்க வேண்டாம், சுற்றியிருக்கும் துணிமேல் வையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.