கர்ப்பத்தில் எனக்கு பிரஷர் ஏறியது, மகளின் இதயத்துக்கு ஆபத்தா?

மழைக்கால_அம்மா:
இரண்டு நாளாகச் சரியான தூக்கம் இல்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன். ஆறு வருடத்துக்கு முன் மகள் வயிற்றில் இருந்தபோது எனக்கு பிரஷர் 160/100 வரை ஏறி, சிறுநீரில் புரதமும் வந்து, ப்ரீஎக்லாம்ப்சியா என்று சொல்லி 34 வாரத்திலேயே ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பிறந்த எடை 1,850 கிராம். இப்போது நன்றாக ஓடியாடுகிறாள், ஒரு குறையும் இல்லை. போன வாரம் ஒரு கட்டுரையில், கர்ப்பத்தில் தாயின் உடல்நிலை பிள்ளையின் இதயத்தை வளர்ந்த பிறகும் விடாது என்று படித்ததிலிருந்து அவள் தூங்கும்போது நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் மூன்று மாதம் வாந்தியில் நான் ஒழுங்காகச் சாப்பிடவே இல்லை, அதனால் வந்ததா? இனி என்ன செய்யலாம்? இரண்டாவது குழந்தை பற்றியும் யோசிக்கிறோம்.

வார்டு_நர்ஸ்:
தங்கச்சி, முதலில் ஒன்று. நீங்கள் சாப்பிடாததால் இது வரவில்லை. ஆரம்ப வாரங்களில் நஞ்சுக்கொடி கருப்பையில் ஊன்றும்போது அங்கே உள்ள ரத்தக்குழாய்கள் போதுமான அளவு விரிந்துகொடுக்காமல் போவதுதான் பெரும்பாலும் இதன் தொடக்கம், அது எந்தத் தாயின் கையிலும் இல்லை. பிரசவ வார்டில் பல வருடமாக இருக்கிறேன், உங்களைப் போலத் தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்ட எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன், மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன்.

மகளுக்குச் செய்ய வேண்டியது வருடத்துக்கு ஒருமுறை பிரஷர் பார்ப்பது, அவ்வளவுதான். ஆனால் கையில் சுற்றும் பட்டை சிறுவர்களுக்கானதாக இருக்கச் சொல்லுங்கள். பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பை கையைச் சுற்றி முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே வரவேண்டும். பெரியவர்களின் பட்டையை அந்தச் சின்னக் கையில் சுற்றினால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும், நாமும் நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடுவோம். ஐந்து நிமிடம் உட்கார வைத்த பிறகு பாருங்கள், ஓடி வந்த கையோடு வேண்டாம். அப்புறம் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்து அவளுடைய டாக்டரிடம் காட்டுங்கள், 34 வாரம், 1,850 கிராம் என்பது அவளுடைய ஃபைலின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

உங்கள் பிரஷரைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? இதை யாரும் தாயிடம் கேட்பதே இல்லை. ப்ரீஎக்லாம்ப்சியா வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் இதயநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அடுத்த கர்ப்பம் என்றால், 12 வாரத்துக்கு முன்பே போய் முதல் முறை நடந்ததைச் சொல்லிவிடுங்கள். ப்ரீஎக்லாம்ப்சியா மறுபடி வராமல் தடுக்கக் குறைந்த அளவு ஆஸ்பிரின் தேவையா என்று டாக்டர் முடிவு செய்ய அதுதான் நேரம், அதை நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

படித்ததைப்_பகிர்பவன்:
கட்டுரை சொன்னது பொய்யில்லை, ஆனால் அளவைச் சொல்லாமல் பயமுறுத்துகிறது. டேவிட் பார்க்கர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் 1911 முதல் 1930 வரை பிறந்த ஆண்களின் பழைய பதிவேடுகளை எடுத்து, எடை குறைவாக இருந்த குழந்தைகள் பிற்காலத்தில் மாரடைப்பால் அதிகம் இறந்ததை 1989ல் காட்டினார். காரணங்களில் ஒன்று சிறுநீரகம். ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய அலகுகள் ஏறக்குறைய 36 வாரத்துக்குள் உருவாகி முடிந்துவிடும், பிறகு புதிதாக வராது. எண்ணிக்கை குறைவாக இருந்தால் இருப்பவற்றின் மேல் சுமை கூடும், வயதாக ஆக பிரஷர் ஏறும்.

ஆனால் எவ்வளவு? ப்ரீஎக்லாம்ப்சியா வந்த தாய்மாரின் பிள்ளைகளுக்குச் சிறுவயதிலும் இளவயதிலும் மேல் பிரஷர் சராசரியாக 2 முதல் 3 புள்ளிதான் கூடுதல். சுகர் விஷயத்திலும் இப்படித்தான். டென்மார்க்கில் 1977 முதல் 2016 வரை பிறந்த 24 லட்சம் பேரை வைத்துச் செய்த ஆய்வில், தாய்க்குச் சர்க்கரை நோய் இருந்தால் பிள்ளைக்கு இளவயதிலேயே இதய, ரத்தக்குழாய் நோய் வரும் வேகம் 29 சதவீதம் அதிகம் என்று வந்தது. அதே ஆய்வில், 40 வயதுக்குள் நோய் வருவது நூறு பேரில் ஏறக்குறைய 13 என்பது 18 ஆகிறது என்று சொன்னால் அளவு புரியும். மீதி 82 பேருக்கு 40 வயது வரை ஒன்றும் வரவில்லை.

நாற்பதைத்_தாண்டியவன்:
நான் அந்தக் குழந்தையாக இருந்தவன், அதனால் சொல்கிறேன். பிறந்தபோது இரண்டு கிலோ கூட இல்லை. "குறைமாதப் பிள்ளை, ஓடாதே, மூச்சு வாங்கும்" என்று சொல்லியே வளர்த்தார்கள், எடை ஏறட்டும் என்று தட்டு காலியாகும் வரை எழுந்திருக்க விடமாட்டார்கள். பத்து வயதில் வகுப்பிலேயே குண்டுப் பையன் நான்தான். 33 வயதில் பிரஷர் என்றார்கள். ஹெல்சின்கியில் 1934 முதல் 1944 வரை பிறந்தவர்களைப் பார்த்தபோது, சிறிதாகப் பிறந்து இரண்டு வயது வரை ஒல்லியாக இருந்து அதன்பின் வேகமாக எடை ஏறியவர்களுக்குத்தான் பிற்காலத்தில் மாரடைப்பு அதிகம் என்று பின்னால் படித்தேன், என் சிறுவயதையே யாரோ எழுதி வைத்ததுபோல இருந்தது. அதோடு நானும் பத்து வருடம் சிகரெட் பிடித்தேன், அதற்கு என் அம்மா பொறுப்பில்லை. ஆனால் அவர் அழுதது என்னவோ தன்னால்தான் எல்லாம் என்று நினைத்து.

மகளை ஓட விடுங்கள் அக்கா. வயிறு நிறைந்தது என்று சொன்னால் நம்புங்கள். அவள் காதில் விழும்படி "உனக்கு இதயம் பலவீனம்" என்று மட்டும் யாரையும் பேச விடாதீர்கள்.

மழைக்கால_அம்மா:
எல்லாருக்கும் நன்றி. அந்தத் தட்டு விஷயம் எங்கள் வீட்டிலும் தினமும் நடக்கிறது, இன்று இரவே நிறுத்துகிறேன். சம்மரி கிடைத்துவிட்டது, மடிப்பில் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, ஆனால் எடையும் வாரமும் தெளிவாக இருக்கின்றன. வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கப் போகிறோம். நர்ஸ் அக்கா, என் பிரஷரைப் பார்த்து நான்கு வருடம் ஆகிவிட்டது, அன்றைக்கே எனக்கும் பார்க்கச் சொல்கிறேன்.