நாட்டுப் பாதுகாப்புக்காக யாருடைய சுதந்திரத்தை விட்டுக்கொடுக்கிறோம்?

நொய்யல்கரை:
1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் தொடர் குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டபோது நான் அங்கே கல்லூரி மாணவன். அதன்பின் ஒரு வாரம், தெருமுனையில் பையைத் திறந்து காட்டச் சொன்ன காவலரை எங்கள் பகுதியில் எவரும் கடிந்துகொள்ளவில்லை. நன்றியோடுதான் திறந்து காட்டினோம். அரசு என் தொலைபேசியை ஒட்டுக்கேட்டாலும், என் முகத்தைக் கேமராவில் பதிந்தாலும் எனக்கு மறுப்பில்லை, ஏனெனில் மறைப்பதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. உயிர் மிஞ்சினால்தானே அந்தரங்கம்?

முல்லைநிலவன்:
உங்கள் துயரத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன், ஐயா. ஆனால் பையைத் திறந்தபோது காவலரின் முகம் உங்களுக்குத் தெரிந்தது. எதற்காகச் சோதிக்கிறார் என்பதும் தெரிந்தது. ஒட்டுக்கேட்பில் இவை இரண்டும் இல்லை. மத்திய அரசு மாதந்தோறும் 7,500 முதல் 9,000 வரை ஒட்டுக்கேட்பு ஆணைகளைப் பிறப்பிக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழி தெரியவந்ததை, 2018-இல் தரவுப் பாதுகாப்பு குறித்து ஆராய்ந்த ஸ்ரீகிருஷ்ணா குழுவின் அறிக்கையும் குறிப்பிட்டது. அவற்றைச் சரிபார்க்க அமைச்சரவைச் செயலர் தலைமையில் மூன்று செயலர்கள் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கூடவேண்டும். அதாவது ஒரு கூட்டத்துக்குக் குறைந்தது 15,000 ஆணைகள். அவர்கள் வேறு எந்த வேலையும் பார்க்காவிட்டாலும் இது படித்து முடிக்கக்கூடிய கணக்கு அன்று. ஆணையிடுவதும் நிர்வாகம், ஆராய்வதும் நிர்வாகம். நீதிபதி எங்குமே இல்லை.

நொய்யல்கரை:
கணக்கு சரி, ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதல் நடந்துகொண்டிருந்தபோதே, துப்பாக்கியேந்தியவர்களுக்கு எல்லைக்கு அப்பாலிருந்து கட்டளையிட்டவர்களின் பேச்சு பதிவாயிற்று. 2012-இல் கசாபின் மரண தண்டனையை உறுதிசெய்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் அந்த உரையாடல்கள் விரிவாக எடுத்துக்காட்டப்பட்டுள்ளன. நீதிபதியின் கையெழுத்துக்காகக் காத்திருந்தால் அது கிடைத்திருக்குமா?

முல்லைநிலவன்:
அங்கே எண் தெரிந்தது, ஆள் தெரிந்தார், குற்றம் கண்முன் நடந்தது. அத்தகைய ஒட்டுக்கேட்பை நான் எதிர்க்கவே இல்லை. அவசரத்தில் முதலில் கேட்டுவிட்டுப் பிறகு ஒப்புதல் பெறும் ஏற்பாட்டையும் ஏற்கிறேன். என் கேள்வி வேறு. 'சம்மதம்' என்று மக்கள் சொல்லும்போது யாருடைய சுதந்திரத்தை விட்டுக்கொடுக்கிறார்கள்?

2001 டிசம்பரில் நாடாளுமன்றம் தாக்கப்பட்டதன் தொடர்ச்சியாக, 2002 மார்ச் 26 அன்று கூட்டுக் கூட்டத்தில் 425-க்கு 296 என்ற வாக்குகளில் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடா நிறைவேறியது. அன்று ஆளும் கூட்டணியில் இருந்து அதை ஆதரித்தவர் வைகோ. திருமங்கலத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசினார் என்று அதே ஆண்டு ஜூலையில் அதே பொடாவில் கைதாகி, 19 மாதங்கள் சிறையில் இருந்தார். சட்டம் இயற்றும் அவையிலேயே இருந்தவருக்கு, அது தன் மீதே பாயும் என்பது தோன்றவில்லை! அதற்கு முந்தைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவில் ஏறத்தாழ 76,000 பேர் கைதானார்கள். தண்டனை பெற்றவர்கள் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. அந்தச் சட்டத்துக்குச் சம்மதித்தவர்களில் பெரும்பாலோர், அந்த 76,000 பேரில் தாமும் ஒருவராக இருக்கக்கூடும் என்று எண்ணிச் சம்மதித்தவர்கள் அல்லர்.

கறுப்புஅங்கி:
வழக்கறிஞர் என்ற முறையில் குறுக்கிடுகிறேன். முல்லைநிலவன் அவர்கள் பேச்சுரிமை, கைது, அந்தரங்கம் மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டுகிறார். பொடா ஒட்டுக்கேட்புக்கு மட்டுமான சட்டம் அன்று. அதுபோலவே, நொய்யல்கரை அவர்கள் எண்ணுவதுபோல் இன்றைய சட்டம் அரசுக்கு வரம்பில்லாமல் இடம் தருவதும் இல்லை. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தார்கள். அதில் தலையிடச் சட்டம் இருக்கவேண்டும், நியாயமான தேவை இருக்கவேண்டும், தலையீடு அந்தத் தேவைக்கு மிஞ்சாமல் இருக்கவேண்டும். 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு லஞ்ச வழக்குக்காக 2011-இல் உள்துறை பிறப்பித்த ஒட்டுக்கேட்பு ஆணையை ரத்து செய்தது. அந்த ஆணை பிறந்தபோது நடப்பில் இருந்த 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் பொது அவசர நிலை, பொதுப் பாதுகாப்பு ஆகிய இரண்டுக்காக மட்டுமே ஒட்டுக்கேட்பை அனுமதித்தது. சாதாரணக் குற்றத்தைத் துப்பறிய அன்று என்பதே காரணம். நாட்டுப் பாதுகாப்புக்காக வாங்கிய கருவி மெல்ல வேறு வேலைக்கு நகர்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. ஆணை பிறந்து 14 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த நிவாரணம் என்பதையும் கவனியுங்கள்.

முல்லைநிலவன்:
பொட்டலம் பற்றிய கண்டனத்தை ஏற்கிறேன். நொய்யல்கரை அவர்களிடம் ஒன்று மட்டும் கேட்கவேண்டும். உங்கள் தெருவில் சோதனை ஒரு வாரம் என்று எழுதினீர்கள். அதே கோவையில், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் கோட்டைமேட்டைச் சுற்றி நின்ற காவல் சாவடிகள் எத்தனை காலம் நின்றன?

நொய்யல்கரை:
ஆண்டுக்கணக்கில் நின்றன. அந்த வழியாகத்தான் நான் கல்லூரிக்குப் போவேன். என்னைப் பெரும்பாலும் நிறுத்தமாட்டார்கள், என்னோடு படித்த அப்பகுதி நண்பனைத் தினமும் நிறுத்துவார்கள். எங்கள் தெருவில் அப்படி ஒரு சாவடி ஒரு மாதம் நின்றிருந்தால், ஆட்சியரிடம் மனுவோடு போனவர்களில் என் தந்தை முதல் ஆளாக இருந்திருப்பார். ஒட்டுக்கேட்பு வேண்டும் என்ற கருத்தை நான் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு நீதிபதி 48 மணி நேரத்துக்குள் பார்க்கவேண்டும் என்று விதி வந்தால் எதிர்க்கமாட்டேன். அந்த நண்பனுடைய சம்மதத்தை அன்று நான் கேட்கவில்லை.