கலைச்சொல்: ஓபரெட்டா பாலே ஆகும்போது ‘ஆடலாக்கம்’ எனலாமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

பாட்டும் வசனமும் கலந்த மேற்கத்திய இசை நாடகமான ஓபரெட்டாவை, வாய்ப்பாட்டில்லாத மேடை நடனமான பாலேயாக மாற்றுவதற்குத் ‘தழுவல்’ என்ற சொல்லே போதும் என்று நேற்றைய மடலில் பார்த்தேன். எனக்கு அது போதவில்லை. கதையை வாங்கி வேறு விதமாகச் சொன்னால் தழுவல். இங்கே பாட்டே போய்விடுகிறது. அது சொன்னதை இனி உடம்பு சொல்ல வேண்டும். அதனால் ‘ஆடலாக்கம்’ என்று முன்வைக்கிறேன்.

இசையமைப்பாளர் பிரான்ஸ் லேஹாரின் ‘தி மெர்ரி விடோ’ ஓபரெட்டாவைப் பாருங்கள். 1905-இல் வியன்னாவில் அரங்கேறியது. பணக்கார விதவை ஹன்னா மேல் டானிலோவுக்குப் பழைய காதல். ஆனால் வாய்விட்டுச் சொல்லமாட்டான்; சொன்னால் சொத்துக்காகத்தான் என்று ஊர் பேசும். கடைசி அங்கத்தில் இருவரும் பாடும் பாட்டே, உதடுகள் பேசாதிருக்க வயலின்கள் கிசுகிசுக்கின்றன என்றுதான் தொடங்குகிறது. அதற்கு முன்பே, இரண்டாம் அங்கத்தில், அதே வால்ட்ஸ் (ஜோடி நடன) மெட்டுக்கு இருவரும் சேர்ந்து ஆடிவிடுகிறார்கள். ஆக, பாலேக்கான விதை மூலத்திலேயே கிடந்தது. 1975-இல் ஆஸ்திரேலியன் பாலே இதை மேடையேற்றியது. ராபர்ட் ஹெல்ப்மன் கதையை வகுத்தார், ஜான் லான்ச்பெரி இசையை பாலேக்கேற்ப மாற்றியமைத்தார். குரலில் இருந்த மெட்டு வாத்தியங்களுக்கு வந்தது. டானிலோ உண்மையாகவே வாய் திறக்காத காதலன் ஆனான். இதைத் தழுவல் என்று மட்டும் சொல்ல மனம் வரவில்லை.

‘நாட்டிய நாடகமாக்கம்’ சரிவராது. நம் நாட்டிய நாடகத்தில் பாட்டு உண்டு. கலாக்ஷேத்ரா 1944-இல் அரங்கேற்றிய குற்றாலக் குறவஞ்சியில் பாட்டின் சொல்லைப் பிடித்துத்தான் அபிநயம் நடக்கிறது. பாலேயில் அந்தத் துணை இல்லை.

*

ஐயா, சொல் காதுக்கு இதமாக இருக்கிறது. ‘நடன அமைப்பு’ என்பதோடு குழம்பாதா? அப்புறம், ‘பைனாப்பிள் போல்’ பாலேயையும் ஆடலாக்கம் என்பீர்களா?

*

குழம்பாது அம்மா. வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “‘தி மெர்ரி விடோ’வை ஆடலாக்கினார்கள்; நடன அமைப்பு ரொனால்ட் ஹைண்ட்.” இரண்டும் தனித்தனியே நிற்கின்றன.

‘பைனாப்பிள் போல்’ நல்ல கேள்வி. 1951-இல் ஜான் கிராங்கோ செய்தது. இசையமைப்பாளர் சல்லிவனின் ஓபரெட்டா மெட்டுகளைச் சார்லஸ் மெக்கராஸ் தொகுத்துக் கொடுத்தார். கதையோ, சல்லிவனுக்குப் பாட்டு எழுதிய கில்பர்ட்டின் ஒரு கவிதையிலிருந்து வந்தது. குறிப்பிட்ட எந்த ஓபரெட்டாவும் அதில் ஆடலாகவில்லை. எனவே ஆடலாக்கம் அன்று. ‘ஓபரெட்டா மெட்டுகளில் அமைந்த பாலே’ என்று விளக்கிச் சொல்லிவிடலாம்.

ஓபரெட்டா என்ற பெயரை அப்படியே வைத்துக்கொள்வோம். ‘சிற்றிசை நாடகம்’ என்று எழுதினால், நாடகம் அல்ல, இசைதான் சிறியது என்று படிப்பார்கள்.